டாங்கிளைச் செருகும் முன்

சென்னை மந்தைவெளியில் கணினி சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நமக்கு அதிகம் வருகிற அழைப்பு ஒன்றுதான். "ஃபைபர் லைன் போட்டாச்சு, போன்ல எல்லாம் வருது, கம்ப்யூட்டர்ல மட்டும் வரல." ரௌட்டராகவும் வேலை செய்யும் மோடம் வாசல் கூடத்தில் இருக்கும். கணினி கடைசி அறையில் இருக்கும். நடுவே ஒயர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். வைஃபை அடாப்டர் போட்டாக வேண்டும், யூ.எஸ்.பி. துளையில் செருகும் டாங்கிளோ உள்ளே மாட்டும் கார்டோ. ஊகத்தில் செய்தால் அரை நாளை விழுங்கிவிடும் வேலை இது. ஆனால் தனக்கு என்ன குறை என்பதைக் கணினி ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியே காட்டுகிறது. அதைப் படித்துவிட்டுக் கை வையுங்கள் என்பதுதான் கீழே நான் சொல்வதெல்லாம்.

1. முதலில் வீட்டைப் பாருங்கள். கணினி இருக்கும் மேசையருகே உங்கள் போனை வைத்து, அங்கே வைஃபை எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். மயிலாப்பூரை ஒட்டிய பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய கனத்த செங்கல் சுவர்கள் உண்டு. புதிய அடுக்குமாடிகளில் கம்பி கட்டிய கான்கிரீட். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 செ.மீ., 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6 செ.மீ. வேகம் இரண்டாவதில் அதிகம். சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் சோர்ந்துபோவதும் அதுதான். வழியில் ஸ்டீல் பீரோ நின்றால் இரண்டுமே தடுமாறும். பீரோவை நகர்த்த முடியாது, மோடத்தை நாலடி நகர்த்த முடியும். போனிலேயே சிக்னல் இல்லாத இடத்தில் எந்த அடாப்டரும் அதிசயம் செய்யாது.

2. மோடமும் கணினியும் ஒரே அறையில் இருந்தால் அடாப்டர் விற்காதீர்கள். லேன் ஒயரைப் போட்டுவிட்டு வாருங்கள்.

3. பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஒரே மாடல் பெயரில், ஒரே தோற்றத்தில், உள்ளே வேறு வேறு சிப் வரும். டி.பி.-லிங்க் டி.எல்.-டபிள்யூ.என்.722என் என்ற டாங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பதிப்பில் ஆதரோஸ் ஏ.ஆர்.9271 சிப் இருந்தது. லினக்ஸில் செருகியவுடன் வேலை செய்யும் சிப் அது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் 8188 வரிசைச் சிப் வந்துவிட்டது. பழைய பதிப்பைப் பற்றிய புகழுரையைப் படித்துவிட்டுப் புதியதை வாங்கியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பதிப்பு எண் பெட்டியின் ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில், வி1, வி2 என்று இருக்கும். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் நாம் பொருள் வாங்கும் ரிச்சி தெரு நடை தூரம். கடையில் நின்று அந்த ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் படியுங்கள். பில் வாங்குங்கள்.

வேக எண்ணையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஏசி1300 என்று எழுதியிருந்தால், அது 2.4-இல் 400, 5-இல் 867 என இரண்டையும் கூட்டித் தோராயமாகச் சொன்ன எண். ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் அந்தக் கணினி இணையும். அதையும் பழைய யூ.எஸ்.பி. 2.0 துளையில் செருகினால், அந்தத் துளையின் உச்சமே நொடிக்கு 480 மெகாபிட்தான். பத்து வருடப் பழைய கணினிக்கு விலை உயர்ந்த டாங்கிளைத் தலையில் கட்டாதீர்கள்.

4. கணினியில் என்ன விண்டோஸ் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நம் பகுதியில் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது. இன்டெல் ஏ.எக்ஸ்.210 போன்ற புதிய கார்டுக்கு 64 பிட் விண்டோஸ் 10-உம் அதற்கு மேலும்தான் டிரைவர் உண்டு. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இதை வாடிக்கையாளரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பயமுறுத்த வேண்டாம்.

5. டிரைவரைக் கையோடு கொண்டுபோங்கள். இணையம் வருவதற்கு டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும் என்று மாட்டிக்கொள்ளக் கூடாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கி பென் டிரைவில் வைத்திருங்கள். மறந்துபோனால் உங்கள் போனை ஒயரில் இணைத்து யூ.எஸ்.பி. டெதரிங் போடுங்கள், அநேகமாக உடனே இணையம் வரும். எல்லா டிரைவரையும் தானே தேடிப் போடும் மென்பொருள்களை வாடிக்கையாளர் கணினியில் ஏற்றாதீர்கள். கேட்காத குப்பையையும் சேர்த்தே ஏற்றுபவை அவற்றில் நிறைய.

6. பின்பக்கத் துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளை கேபினெட்டுக்குள் ஒல்லியான ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது, அங்கே தளர்ச்சி அதிகம். பட்டினப்பாக்கம் கடற்கரை பக்கத்தில் இருப்பதால் உப்புக்காற்றில் துளையின் தகடுகள் மங்கிப்போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய விட்டுச் செருகுங்கள். ஆனால் பின்பக்கம் என்றால் டாங்கிள் இரும்புக் கேபினெட்டின் மறைவில், சுவரைப் பார்த்து நிற்கும். அதற்கு ஒரு மீட்டர் யூ.எஸ்.பி. நீட்டிப்பு ஒயர் வாங்கி, டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. யூ.எஸ்.பி. 3.0 துளையும் ஒயரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை அந்தத் துளைகளிலிருந்து தள்ளி வைத்தாலே சிக்னல் தெளிவதை நீங்களே பார்க்கலாம்.

7. உள்ளே மாட்டும் கார்டு என்றால் யூ.பி.எஸ். ஒயரையும் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆன்டெனா ஒயரின் முனை மிளகளவுதான் இருக்கும். நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள், சாய்த்தால் நசுங்கும். கார்டில் புளூடூத்தும் இருந்தால், அதற்கென ஒரு தனி ஒயர் மதர்போர்டின் யூ.எஸ்.பி. பின்களுக்குப் போக வேண்டும். வைஃபை வந்துவிட்டது, புளூடூத் வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்த ஒயர் பெட்டியிலேயே கிடக்கிறது.

மடிக்கணினியில் கார்டு மாற்றும் முன் ஒன்று விசாரியுங்கள். பல பழைய லெனோவா மாடல்களின் பயாஸில் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால், 1802 என்ற எண்ணோடோ அது இல்லாமலோ ஒரு செய்தி காட்டிவிட்டு நின்றுவிடும். கார்டு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். அங்கே டாங்கிள்தான் வழி.

8. இனி கணினி சொல்வதைப் படியுங்கள். செருகியவுடன் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். புதிதாக எதுவுமே தோன்றவில்லை என்றால் துளையோ டாங்கிளோ பழுது. டிரைவரைத் தேடிப் பயனில்லை. மஞ்சள் முக்கோணத்தோடு தோன்றினால் நல்ல செய்தி, மின்சாரமும் இணைப்பும் சரி. அதை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் ஓர் எண் வரும். 28 என்றால் டிரைவர் இல்லை. 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. அங்கே பொருந்தாத டிரைவரைச் சந்தேகியுங்கள். 43 என்றால் சாதனமே கோளாறு சொல்லி நின்றிருக்கிறது. முதலில் வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

அதே பெட்டியில் விவரங்கள் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஐ.டி.யைத் தேர்ந்தெடுங்கள். 0பிடிஏ என்று தொடங்கினால் ரியல்டெக். 148எஃப் என்றால் ராலிங்க். 0இ8டி என்றால் மீடியாடெக். 8086 என்றால் இன்டெல். புகழ்பெற்ற தன் பிராசஸரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்து வரும் நான்கு எழுத்துகள் மாடலைச் சொல்லும். டாங்கிளின் மேல் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் இந்த எட்டு எழுத்துகளை வைத்துத் தேடினால் சரியான டிரைவர் கிடைக்கும். பெயரே இல்லாத மலிவு டாங்கிளுக்கும் இது பொருந்தும்.

சில டாங்கிள்கள் செருகியதும் ஒரு சி.டி. டிரைவாகத் தோன்றும். பயப்பட வேண்டாம். டிரைவரைத் தம்முள்ளேயே சுமந்து வருகின்றன. அதிலிருந்து டிரைவரை நிறுவுங்கள், அல்லது அந்த டிரைவை எஜெக்ட் செய்யுங்கள். அப்போதுதான் அடாப்டராக மாறும்.

9. லினக்ஸைக் கண்டு ஒதுங்காதீர்கள். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது வேறெங்கோ இல்லை, சி-டாக்கின் சென்னை மையம்தான். டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அந்தக் கணினிகளில் சில இன்னும் நம் மேசைக்கு வருகின்றன, லினக்ஸில் அவை இன்னும் நன்றாகவே உழைக்கும். அதற்காகவாவது நான்கு கட்டளைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். எல்எஸ்யூஎஸ்பி, எல்எஸ்பிசிஐ இரண்டும் என்ன செருகியிருக்கிறது என்று சொல்லும். டிஎம்இஎஸ்ஜி, கணினி தனக்குள் எழுதிக்கொண்ட குறிப்பைக் காட்டும். ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி அதில் இருந்தால் அதுதான் உங்கள் விடை. ஆர்எஃப்கில், ரேடியோ பூட்டப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். சாஃப்ட் பூட்டு என்றால் கட்டளையிலேயே திறக்கலாம், ஹார்டு பூட்டு என்றால் மடிக்கணினியின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்சைத் தேடுங்கள். டெபியன் 12, 2023-ல் வந்ததிலிருந்து நிறுவும் வட்டிலேயே ஃபர்ம்வேர் கோப்புகளைச் சேர்த்துவிட்டார்கள், பாதித் தொல்லை அதோடு போயிற்று.

10. "கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா நெட் வரல" என்றால் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டர் முகவரி கொடுக்கவில்லை. பாஸ்வேர்டையும் ரௌட்டரையும் கவனியுங்கள். 192.168 என்று வந்தால் ரௌட்டருக்கு பிங் கொடுங்கள். பிறகு 8.8.8.8-க்கு. அதுவும் பதில் சொல்லி, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். பக்கம் போங்கள். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்த பிறகே ஒன்றை மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

இதில் ஒரு படி பலருக்கும் தப்பிவிடுகிறது. வெகுநாள் மூடிவைத்திருந்த கணினியில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்திருந்தால் கணினி 2009-லோ 2012-லோ நின்றுகொண்டிருக்கும். அந்தத் தேதியில் இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது. வங்கித் தளம் முதல் எல்லாமே மறுக்கும். அடாப்டரின் மேல் பழி விழும். ஒரு சின்ன பேட்டரியில் தீர்கிற வேலைக்கு டாங்கிளை மாற்றிவிட்டு வராதீர்கள்.

11. அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் மிக அதிகம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைப் போட்டு, எது காலியாக இருக்கிறதோ அதில் ரௌட்டரை வையுங்கள். ரௌட்டர் 12 அல்லது 13-இல் நின்றால், அமெரிக்க அமைப்பில் வந்த சில அடாப்டர்களுக்கு அது கண்ணிலேயே படாது. "போனில் தெரிகிறது, கணினியில் தெரியவில்லை" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். 2.4 பட்டையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது 2005 ஜனவரியில். 5 கிகாஹெர்ட்ஸில் தாராளமாக இடம் திறந்தது 2018 அக்டோபரில்தான். எனவே சுவர் இடம் கொடுத்தால் 5-க்கு மாற்றிவிடுங்கள்.

12. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இணைப்பு அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த அடாப்டரை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள்.

13. பாஸ்வேர்டை வீட்டுக்காரரே தட்டட்டும். "மாமி, நீங்களே அடிச்சிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள். தட்டத் தெரியாதவர் சொல்லச் சொல்ல நீங்கள் தட்ட நேர்ந்தாலும் நோட்டில் எழுதிக்கொள்ளாதீர்கள். அடாப்டர் பழையது, டபிள்யூ.பி.ஏ.3-இல் இணையவில்லை என்றால் ரௌட்டரை டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ்.-க்குக் கொண்டுவாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் டபிள்யூ.இ.பி.-க்கோ பாஸ்வேர்டே இல்லாத நிலைக்கோ இறக்கிவிட்டு வராதீர்கள். தனியாக இருக்கும் பெரியவர்களின் ஓய்வூதியக் கணக்கு அந்த இணைப்பில்தான் ஓடுகிறது.

14. கிளம்பும் முன் கணினியை ஒரு முறை முழுக்க அணைத்து மறுபடி போடுங்கள், தானாக இணைகிறதா பாருங்கள். டிரைவர் கோப்பை டி டிரைவில் தனி ஃபோல்டரில் வையுங்கள். சிப்பின் பெயரையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த முறை வருவது நீங்களாக இல்லாமலும் போகலாம்.