பழைய கணனியும் மெய்நிகர் நினைவகமும்

கற்பிட்டி, உடப்புப் பக்கத்து வீடுகளில் எஞ்சியுள்ள விண்டோஸ் எக்ஸ்பி கணனி ‘மெய்நிகர் நினைவகம் போதாது’ என்று அறிவித்தால், உடனே காசு செலவழிக்க வேண்டியதில்லை. வள்ளத்தில் கொள்ளாத வலையைக் கரைவாடியில் வைப்பதுபோல, றாம் நினைவகத்தில் கொள்ளாததைக் கணனி வன்தட்டில் வைக்கிறது. 1962இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணனியிலேயே இருந்த ஏற்பாடுதான்.

மை கம்பியூட்டரில் வலது பொத்தானை அழுத்தி, புரொப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், பெர்போமன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்ட், சேஞ்ச் என்று போவோம். றாம் 256 மெகாபைட் என்றால், கஸ்டம் சைஸில் தொடக்க அளவு 384, உச்ச அளவு 768 என இட்டு, ‘செட்’டை அழுத்துவோம். வன்தட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அவசியம்.

இதனால் அறிவிப்பு நிற்கும்; வேகம் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வாடிக்குப் போய்வர நேரம் எடுக்கத்தான் செய்யும். வேகம் வேண்டுமானால் வள்ளம் பெரிதாக வேண்டும்; அதாவது கூடுதல் றாம் பொருத்த வேண்டும்.