கன்வெர்ட்டர் ஏன் கெட்டது?

பதினைந்து வயதை நெருங்கும் பெட்ரோல் காரில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0420 என்று வருகிறது. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு சார், முழுசா மாத்தணும்" என்கிறார் மெக்கானிக். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பாகம் என்பதால் அவர் சொல்லும் தொகை மலைக்க வைக்கும். உடனே நாம் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று அலைகிறோம். அதற்கு முன் அது ஏன் கெட்டது என்பதற்குப் பதில் வாங்கியாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கன்வெர்ட்டருக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி, அவ்வளவுதான். அது தானாகத் தேய்ந்து போவதைவிட எஞ்சின் அதைக் கெடுப்பதே அதிகம். ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதானால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அந்தச் சூட்டில் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ள, வண்டிக்குப் பிக்கப் போய்விடுகிறது. எஞ்சின் ஆயில் குடித்தால் அதன் படிவு பூச்சை மூடிவிடும். மூலக் கோளாறை விட்டுவிட்டுப் புதியதைப் பொருத்தினால் அதற்கும் இதே கதிதான். கன்வெர்ட்டர் நன்றாக இருக்கும்போதே பி0420 வருவதும் உண்டு. பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் அளவு எதிர்பார்த்தபடி இல்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. மானிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் சென்சார் ஏமாறும். எனவே எஞ்சின் ஆறியிருக்கும்போது திறந்த வெளியில் வண்டியைக் கிளப்பி, ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில நொடிகள் மட்டும் அடைக்கச் சொல்லிக் கேளுங்கள். கசிவிருந்தால் 'உஸ்' என்று காற்று பீறிடும். அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருப்பதும் கண்ணில் படும். வண்டியை அணைத்த பின், ஆறிய கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது கடகடவென்றால் பீங்கான் உடைந்திருக்கிறது. (பின்னால் இருக்கும் சைலன்சர் பெட்டி மட்டும் ஓட்டையென்றால் அது வேறு கதை. குறைந்த தூரமே ஓட்டும் வண்டியில் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்திருக்கும். பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்.)

"உள்ளே இருப்பதை உடைத்தெடுத்துவிட்டால் செலவே இல்லையே" என்பார்கள். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானதே, கார்பன் மோனாக்சைடு முதலிய நச்சு வாயுக்களைத் தெருவில் விடாமல் இருக்கத்தான். அதை எடுத்துவிட்டால் அந்த நஞ்சு சாலையோரம் நிற்பவரின் மூச்சில் போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் மாசு வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. செலவைக் குறைக்க நேர்மையான வழி இருக்கிறது: பழைய கன்வெர்ட்டரில் உள்ள உலோகத்துக்கு விலை உண்டு. அதைப் பணிமனையிலேயே விட்டுவிட்டு வராமல் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

"இவ்வளவு கொட்டுவதற்குக் காரையே விற்கலாமே" என்பது இன்னும் வலுவான கேள்வி. செலவை மறுவிற்பனை விலையோடு ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு கார் வாங்கினால் ஓராண்டில் கட்டும் தவணையோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால், காரணம் பிளக்கோ காயிலோ என்றால் வண்டியை வைத்துக்கொள்வதே லாபம். நீலப் புகை வந்து, கம்ப்ரஷன் சோதனையில் பிஸ்டன் ரிங் தேய்ந்தது தெரிந்தால் கணக்கு மாறிவிடும். எஞ்சினைப் பிரிக்காமல் புதுக் கன்வெர்ட்டர் போடுவது வீண். அந்த நிலையில் விற்பதே சரி, வாங்குபவரிடம் கோளாறைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து.