இல்லத்து வலையும் அதன் திறவுகோலும்

திண்டுக்கல் என்றவுடன் பலர்க்கும் முதற்கண் நினைவிற்கு வருவன இரண்டு: ஒன்று மலைக்கோட்டை, மற்றொன்று பூட்டு. இந்நகரத்துக் கைவினைஞர் செய்யும் பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மாங்காய் வடிவினது ஒன்று. திறவுகோலைத் திருப்புந்தோறும் மணியொலிப்பது மற்றொன்று. இங்ஙனம் அதன் வகை பல. வகை எதுவாயினும், பூட்டு வாங்குவோர் கேட்கும் வினா ஒன்றே: ‘இதற்குத் திறவுகோல் எத்தனை? அவை யார் யார் கையில் உள்ளன?’ கதவிற்குக் கேட்கும் இவ்வினாவை, நம் இல்லங்களில் இடம்பெற்றுவிட்ட வைஃபைக் கருவிக்கும் கேட்டல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதனை எழுத நேர்ந்த காரணத்தை முன்னர்க் கூறிவிடுகின்றேன். இந்நகரின் பழைய தெருவொன்றில் உள்ள எங்கள் வீடு, முகப்புக் குறுகி உள்நீண்டது. கண்ணாடியிழைக் கம்பி வந்து முடிவதும், ரூட்டர் இருப்பதும் தெருப்பக்கத்து அறையில். முதுமையால் நடமாட்டம் குறைந்த என் அன்னையார் இருப்பது கொல்லைப்பக்கத்து அறையில். மருத்துவர் காணொளி வாயிலாக அவர்தம் உடல்நிலையை உசாவும்போதெல்லாம் உருவம் அசைவற்று நிற்கும். சொல் பாதியில் அறும். இக்குறை நீங்க, மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் தொகுதி ஒன்றனை வாங்கினோம். குறை நீங்கவில்லை. அன்றியும், கைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்து, அதனைச் செய்தோரிடம் கணக்குத் தொடங்கினாலன்றி அத்தொகுதி இயங்கவும் மறுத்தது. அலையின் இயல்பை அறியாமலும், பூட்டின் இயல்பைக் கேளாமலும் வாங்கியதே எங்கள் பிழை. அப்பிழை கற்பித்த பாடத்தை நேயர்களுக்கு முறைப்படக் கூறுவேன்.

வைஃபை என்பது கம்பியில்லாத் தந்தியின் வழித்தோன்றல். ஜகதீச சந்திர போஸ் 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் மின்காந்த அலைகளைச் சுவரூடு செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அலை சுவரைக் கடக்கும் என்பது மெய். ஆயினும், கடக்கும் ஒவ்வொரு சுவரிலும் அது வலியிழக்கின்றது. வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குவது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். முன்னது தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆயின் விரைவு குறைவு. அண்டை வீட்டு அலைகளின் நெரிசலும் மிகுதி. பின்னது விரைவு மிக்கது. சுவரில் எளிதில் தளர்வது. பருத்த செங்கற்சுவர், கம்பி பொதிந்த கான்கிரீட், இரும்புப் பீரோ, நிலைக்கண்ணாடி, நீர் நிறைந்த தொட்டி ஆகியன அலைக்குப் பகை. ஆதலின், ‘இத்தனை ஆயிரம் சதுர அடி’ என்று பெட்டியின் உறைமேல் அச்சிட்டிருக்கும் கணக்கு நம் வீட்டிற்கும் அப்படியே பொருந்துமென்று நம்புதற்கில்லை.

எனவே, வாங்குமுன் அளத்தலே முதற்கடமை. அலையின் வலிமையைக் காட்டும் செயலிகள் கைபேசிக்கு உள. அவ்வளவு டெசிபல் கணக்கில் எதிர்மறை எண்ணாக வரும். சுழியத்தை நெருங்க நெருங்க வலிமை மிகுதி எனக் கொள்க. −50 மிக நன்று. −67 வரை காணொளிக்குப் போதுமானது. −80க்குக் கீழே பயன் இல்லை என்னலாம். இக்கணக்கில் 10 குறையுந்தோறும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். எங்கள் வீட்டை அளந்தபோது, தெருவறையில் −42, கூடத்தில் −60, அடுக்களையில் −71, அன்னையார் அறையில் −82 எனக் கண்டோம். முதலிற்கும் ஈற்றிற்கும் வேறுபாடு 40. அஃதாவது, அன்னையார் அறையை அடைந்தது தெருவறையில் இருந்த ஆற்றலில் பதினாயிரத்தில் ஒரு பங்கே.

மெஷ் என்பது, பல பெட்டிகள் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொண்டு ஒருங்கியங்கும் வலைப்பின்னல். நாம் அறைவிட்டு அறை செல்லுகையில், கைபேசி ஒரு பெட்டியை விட்டு அண்மையிலுள்ள மற்றொன்றனைப் பற்றிக்கொள்ளும். ஆயின், இரண்டாம் பெட்டி தானாக எதனையும் படைப்பதில்லை; முதற்பெட்டியிடம் பெற்றதையே பிறர்க்கு வழங்குகின்றது. வாய்க்கால் வறண்ட இடத்தில் மடை திறந்து பயன் என்ன? நாங்கள் செய்த பிழை அதுவே. அலை ஓயும் அறையிலேயே பெட்டியை வைத்தோம். அதனை எடுத்து, அளவு −60ஆக இருந்த கூடத்தின் பின்வாயிலருகே வைத்தபின், அன்னையார் அறையில் −63 ஆயிற்று. மூன்றாம் பெட்டிக்கு வேலையே இல்லாதொழிந்தது.

பெட்டிகளுக்கு இடையே உள்ள வழிதான் இவ்வலையின் உயிர்நாடி. ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டிய பெட்டியின் விரைவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். மூன்று வரிசை கொண்ட தொகுதிகள் சிலவற்றில் இதற்கெனத் தனி வரிசை ஒதுக்கப்படும், விலையும் கூடும். எல்லாவற்றினும் சிறந்தது, பெட்டிகளை ஈதர்நெட் கம்பியால் இணைத்தல். அக்கம்பி 100 மீட்டர் வரை செய்தியைப் பழுதின்றிக் கொண்டுசெல்லும். புதுவீடு கட்டுவோர் மின்கம்பிக்குக் குழாய் பதிக்கும்போதே இதற்கும் ஒரு குழாய் பதித்தல் அறிவுடைமை. மற்றும் ஒன்று: ஒவ்வொரு பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். மின்தடை நாளில் எல்லாப் பெட்டிக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு எட்டுமா என்று முன்னரே காண்க.

இது நிற்க. இனிப் பூட்டினைப் பற்றிப் பேசுவோம். நம் சுவரைக் கடக்கும் அலை, தெருவையும் அண்டை வீட்டையும் அடைகின்றது. வலை விரிய விரியப் பூட்டும் வலிதாதல் வேண்டும். இப்பூட்டிற்குத் திறவுகோல் மூன்று.

முதலாவது, வைஃபையின் கடவுச்சொல். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த டபிள்யூ.பி.ஏ.-3 என்னும் காப்புமுறை இருப்பின் அதனையே தேர்க, அஃதில்லையேல் டபிள்யூ.பி.ஏ.-2 போதும், அதற்கு முந்தியவை விலக்கத்தக்கன. தொடர்பில்லாச் சொற்கள் சிலவற்றைக் கோத்த நீண்ட கடவுச்சொல் நன்று. குடியிருந்தவர் வீடு மாறிச் சென்றால் அதனை மாற்றுக. விருந்தினர்க்கும், கண்காணிப்புக் கேமராவிற்கும், தொலைக்காட்சிக்கும் தனி வலை ஒன்று வகுத்துவிட்டால், அவற்றில் ஒன்று பழுதுபட்டாலும் நம் கணினிக்குத் தீங்கு எளிதில் எட்டாது.

இரண்டாவது, பெட்டியின் அமைப்புகளையே மாற்றவல்ல ஆளுகைக் கடவுச்சொல். தொழிற்சாலையில் இட்டதை அப்படியே விட்டுவைத்தல், புதுப்பூட்டைத் திறவுகோலுடன் வாயிலிலே தொங்கவிடுதல் போலாம். வெளியிலிருந்து பெட்டியை ஆளும் வசதி தேவையில்லையேல் அதனையும் மூடிவிடுக.

மூன்றாவது திறவுகோல், செய்தோர் கையில் இருப்பது. பலரும் கேளாது விடுவதும் இதுவே. கணக்குத் தொடங்காமல், நம் வீட்டுக் கணினியிலிருந்தே அத்தொகுதியை ஆளமுடியுமா? எந்தக் கருவி எப்போது விழித்தது, எவ்வளவு செய்தி சென்றது, எந்தத் தளத்தை நாடியது என்னும் குறிப்புகளில் எவற்றை அது வெளியே அனுப்புகின்றது? அதனை நிறுத்த வழியுண்டா? பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு தருவதாக உறுதி கூறுகின்றனர்? அலையின் சலனத்தைக் கொண்டு வீட்டில் ஆள் நடமாட்டத்தை உணரும் தொகுதிகளும் இக்காலத்து உள. அவ்வறிவு வீட்டினுள்ளேயே நிற்குமா? இவ்வினாக்களுக்கு விடை தெளிவாகக் கிடைக்காத பெட்டியை வாங்காதிருத்தலே நலம். கற்றுக்கொள்ளும் பொறுமை உடையோர்க்கு, ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் கட்டற்ற மென்பொருளை ஏற்கும் பெட்டிகளும் உண்டு.

ஒன்று மறவற்க. எத்துணை நல்ல மெஷ் தொகுதியும், இணையச் சேவை தருவோர் கண்ணிலிருந்து நம்மை முழுதும் மறைத்துவிடாது. செய்தியின் உள்ளடக்கம் மறையாக்கம் பெற்றுச் சென்றாலும், நாம் நாடிய தளம் எது என்பது பெரும்பாலும் அவர்க்குத் தெரியவரும்.

அந்தரங்கம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் தீர்ப்பளித்தனர். தனிமனிதர் தரவுகளைக் காத்தற்பொருட்டு 2023ஆம் ஆண்டில் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும், களவு நிகழ்ந்தபின் வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்பதனால், இரவில் கதவைத் தாழிடாது உறங்குவார் யார்?

நாங்கள் அம்மூன்று பெட்டித் தொகுதியைக் குறித்த நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கணக்குக் கேளாத இரண்டு பெட்டிகளை வாங்கி, சுவரோரமாகக் கம்பியிழுத்து இணைத்தோம். செலவும் குறைந்தது. இப்போது என் அன்னையார் தம் நோயை மருத்துவரிடம் தடையின்றிச் சொல்லுகின்றார். அச்சொல் பிறர் செவிப்படும் வழிகளில் எங்களால் அடைக்கக்கூடியவற்றை அடைத்துவிட்டோம் என்னும் அமைதியும் எங்களுக்கு உண்டு.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது கைபேசியுடன் உங்கள் வீட்டை ஒருமுறை அறைதோறும் அளந்து பாருங்கள். எந்த மூலையில் அலை ஓய்கின்றது, அம்மூலையில் இருப்பவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர்ப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லே இன்றும் வழங்குகின்றதா என்று பாருங்கள். பெரியோர்க்கு நீங்கள் செய்யும் தொண்டு அரைநாள் வேலைதான். அதனை அடுத்த விடுமுறைக்கு ஒத்திவைக்க வேண்டா.