அரிசி ஊரில் ஒரு கோதுமை நோய்



பேரவைத் தேர்தல் வந்துவிட்டால் நம் விடுதியில் முதலில் தீர்ந்துபோகும் பொருள் எது? மைதா மாவு! இரவோடு இரவாகப் பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டியவர்கள் அனைவருக்கும் இது தெரியும். அந்த மைதாவில் ஒரு பிடி எடுத்து வைத்துக்கொண்டு, கீழ்க்கண்ட சோதனையைச் செய்து பாருங்கள்.

மாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடவும். பிறகு ஒரு பாத்திரத் தண்ணீரில் அந்த உருண்டையைக் கசக்கிக் கசக்கி அலசவும். வெள்ளையாகக் கரைந்து போவது மாவுச்சத்து. நாலைந்து முறை தண்ணீர் மாற்றிய பிறகும் கரையாமல், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஒரு பொருள், சூயிங்கம் போலக் கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன் என்னும் புரதம். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் பசை என்றே பொருள். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞா நகரில் பெக்காரி என்ற அறிஞர் இப்படி அலசித்தான் இதைப் பிரித்தெடுத்தார். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசிக் கண்ணாடி போல விரிக்கிறாரே, அது கிழியாமல் தாங்குவதற்குக் காரணம் இந்தப் பசைதான். அரிசி மாவில் இதே சோதனையைச் செய்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இந்தப் பசைதான் என்னை ஐந்து வருடம் ஆட்டிப் படைத்தது.

என் சொந்த ஊர் ஆரணி. அப்பா பட்டுத் தறி நெய்பவர். ஆரணி என்றால் ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. கமண்டல நாக நதி ஓரத்தில் நெல் வாசனையிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். வீட்டில் மூன்று வேளையும் அரிசிதான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. வரும், போகும். வயிறு உப்பும். வாயில் புண் ஆறாது. முகம் வெளுத்துவிட்டது. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை. “மாத்திரைய ஒழுங்கா முழுங்குறியா, இல்ல தறிக் குழியில போடுறியா?” என்று அப்பா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

அம்மாவுக்கு ஒரே கவலை. “வெறும் அரிசிச் சோத்துல இன்னாடா சத்து இருக்குது? அதான் இப்படி எளச்சிப் போற” என்று சொல்லி, காலையில் பாலில் மால்ட் பானம், பத்து மணிக்கு பிஸ்கட், இரவில் சப்பாத்தி என்று மாற்றினார்கள். காய்ச்சல்காரனுக்கு பிரெட், சர்க்கரைக்காரருக்குச் சப்பாத்தி, இளைத்தவனுக்கு மால்ட் என்பது நம் ஊரில் எழுதப்படாத சட்டம். பாவம், எதை மருந்தென்று நினைத்துக் கொடுத்தார்களோ அதுவே நோயாக இருந்தது! பாலிடெக்னிக் சேர்ந்து விடுதிக்கு வந்த பிறகு ரவை உப்புமா, சேமியா, சப்பாத்தி, வெளியே போனால் பரோட்டா. முதல் வருடம் முடியும்போது என் எடை 41 கிலோ. பட்டறை வகுப்பில் அரம் பிடித்து ராவ முடியாமல் உட்கார்ந்துவிடுவேன். சோம்பேறி என்று பெயர் வாங்கினேன்.

குடல் காசநோயாக இருக்கலாம் என்றார் ஒரு மருத்துவர். அவரையும் குறை சொல்ல முடியாது. நம் பகுதியின் சரித்திரம் அப்படி. 1960-களில் அன்றைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் ‘ஸ்ப்ரூ’ என்ற குடல் நோய் கொள்ளை நோயாகவே பரவியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பேக்கர், டாக்டர் மாத்தன் ஆகியோர் அதை ஆராய்ந்தது உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. அதிலும் வயிற்றுப்போக்கு, சோகை, இளைப்பு எல்லாம் உண்டு. அது ஃபோலிக் அமிலத்துக்கும் டெட்ராசைக்ளின் மருந்துக்கும் கட்டுப்படும். ஆகவே இந்தப் பக்கத்து மருத்துவர்களுக்கு இளைத்த வயிற்றைப் பார்த்தால் காசநோய், ஸ்ப்ரூ, கிருமி என்று தோன்றுமே தவிர, கோதுமை தோன்றாது.

கோதுமையை நினைத்தவர் என் சித்தப்பா. டில்லியில் வேலை பார்க்கிறார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இதே தொல்லை, கோதுமையை நிறுத்திய பிறகு தேறிவிட்டது என்று சொன்னார். நானும் அன்றே நிறுத்தினேன். இரண்டே மாதத்தில் வயிறு அடங்கிவிட்டது! மகிழ்ச்சியோடு ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சொன்னால், அந்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தம்பி, சோதனை பண்ணாம ஏன் நிறுத்தின? இப்ப பாத்தா இரத்தத்துல ஒண்ணும் தெரியாமப் போகலாம். ஆறு வாரம் தினமும் ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டுட்டு வா” என்றார்.

டாக்டர் உத்தரவின் பேரில் நோயை வரவழைத்துக்கொண்ட ஆள் நம் கல்லூரியில் நானாகத்தான் இருப்பேன். அந்த ஆறு வாரத்தை எழுத விரும்பவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நீங்கள் நினைவில் வைப்பதாக இருந்தால், அது இதுதான்: சந்தேகம் வந்தால் முதலில் சோதனை, அப்புறம்தான் கோதுமையை நிறுத்த வேண்டும்.

சோதனை இரண்டு கட்டம். முதலில் இரத்தம். டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்ற நம் உடம்பின் சொந்த நொதிக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் எண்டோஸ்கோபி. வாய் வழியாகக் குழாய் விட்டு, இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலின் ஆரம்பத்தில் சில இடங்களில் கடுகளவு சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வலி இல்லை, குமட்டல் உண்டு. எனக்கு இரண்டிலும் உறுதியானது. நோயின் பெயர் சீலியாக்.

உள்ளே என்னதான் நடக்கிறது? புதுத் துருக்கித் துவாலையைக் கவனித்திருப்பீர்கள். மேலெல்லாம் நூல் வளையங்கள். அதனால்தான் தண்ணீரை அப்படி உறிஞ்சுகிறது. சிறுகுடலின் உட்புறமும் அப்படித்தான். விரல் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் லட்சக்கணக்கில் நிற்கின்றன. குளூட்டனை நம் செரிமான நீர்களால் முழுவதுமாக அறுக்க முடியாது, சில துண்டுகள் மிஞ்சும். பெரும்பாலோருக்கு அதனால் கெடுதல் இல்லை. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு மட்டும், உடம்பின் காவல் படை அந்தத் துண்டைப் பகைவன் என்று நினைத்துச் சண்டை தொடங்குகிறது. சண்டையில் அழிவது சொந்தக் குடல்தான். உறிஞ்சிகள் மழுங்கித் துவாலை தேய்ந்த துணியாகிவிடும். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது அந்த இடத்தில்தான். நான் விழுங்கிய மாத்திரைகள் எங்கே போயின என்பது அன்றுதான் அப்பாவுக்குப் புரிந்தது!

இந்நோயைத் தெளிவாக வருணித்தவர் லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ. ஆண்டு 1888. உணவில்தான் தீர்வு என்று அவர் ஊகித்தார், ஆனால் எந்த உணவு என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே. 1930-களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில், போரினால் அந்நாட்டில் ரொட்டியே கிடைக்காத பஞ்சம் வந்தபோது, ஊரெல்லாம் வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950-இல் அதை ஆய்வேடாக வெளியிட்டார்.

“நெல்லு விளையுற ஊர்ல பொறந்தவனுக்குக் கோதுமை நோயா?” என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் நம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். தெற்குக்கு எடுத்துக்கொண்ட இடம் வேலூர். வடக்கில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சீலியாக் இருந்தது. தெற்கில் ஏறத்தாழ ஒன்பதாயிரத்துக்கு ஒருவர்! சரி, நம் மரபணு வேறோ என்றால் அதுவும் இல்லை. மேற்சொன்ன மரபணு வகை வடக்கில் நூற்றுக்கு 38 பேரிடம், தெற்கில் 36 பேரிடம். பெரிய வித்தியாசம் தட்டில்தான். வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். அதாவது விதை நம்மிடமும் இருக்கிறது, தண்ணீர் ஊற்றவில்லை, அவ்வளவுதான். இப்போது நம் விடுதியின் வாரப் பட்டியலை எடுத்துக் கோதுமை எத்தனை வேளை என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் தொடக்கூடாது. ஆரணியில் பட்டு நூலின் பசையைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து நீக்கிவிடுவார்கள். கோதுமைப் பசையை அப்படி வேகவைத்து நீக்க முடியாது. சாப்பிடாமல் இருப்பதுதான் ஒரே வழி.

அரிசிக்காரனுக்கு இது சுலபம் என்றுதான் நினைத்தேன். இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், ஜவ்வாது மலைச் சாமை, எல்லாப் பருப்பும், முட்டை, மீன், கறி எல்லாம் எனக்கு உண்டு. டில்லிக்காரருக்கு இந்நோய் வந்தால் வாழ்க்கையே மாற வேண்டும், எனக்குப் பாட்டி காலத்துச் சமையல் போதும். ஆனால் மூன்று மாதம் கழித்தும் வயிறு முழுதாகச் சரியாகவில்லை. திருடன் எங்கே இருந்தான் தெரியுமா? சாம்பாரில்! கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தால் போட்டிருக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை. அம்மா பெருங்காயத்தை விட்டுப் பூண்டுக்கு மாறினார்கள்.

அடுத்த திருடன் மாவு மில். கேழ்வரகில் குளூட்டன் இல்லை. ஆனால் எனக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், அந்த மாவு கல்லிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு என் கேழ்வரகோடு வந்துவிடும். இது பட்டறையில் படித்தவனுக்கே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. இப்போது வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறார்கள். பூரி பொரித்த எண்ணெயில் பொரித்த வடை, சப்பாத்திக் கல்லில் வார்த்த தோசை, ஃபிரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸ், ரவை கலந்த மொறுமொறு தோசை... இவையெல்லாம் எனக்கு ஆகாது. “கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆவாது” என்று கல்யாண வீட்டில் உறவினர்கள் வற்புறுத்துவார்கள். கொஞ்சமே போதும், ஆகும். குளூட்டன் இல்லாதது என்று விற்கும் உணவில்கூட நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. கிலோவுக்கு இருபது மில்லிகிராம் என்றால் எவ்வளவு சிறிய அளவு என்று மைக்ரோமீட்டர் பிடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விடுதியில் மெஸ் அண்ணனிடம் டாக்டர் சீட்டைக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு அவராகவே எனக்கென்று ஒரு தோசைக்கல்லும் கரண்டியும் தனியாக வைத்து, கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றிவிட்டார். இப்போது என் எடை 56 கிலோ. இரத்தம் 12-க்கு ஏறியிருக்கிறது. பட்டறையில் அரம் பிடிக்கிறேன்.

நாள்பட்ட வயிற்றுப்போக்கு மட்டுமே அடையாளம் என்று நினைக்க வேண்டாம். மாத்திரைக்கு அசையாத சோகை, வளர்த்தி குறைவு, ஆறாத வாய்ப்புண், சிறு வயதிலேயே எலும்புத் தேய்வு, இவற்றில் ஏதேனும் ஒன்று மட்டுமேகூட இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். கூடப் பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு நூற்றில் ஏழெட்டு என்பதால், அவர்களும் இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

என் தங்கைக்கு எடுத்தார்கள். முடிவு வரும்வரை அம்மா சரியாகத் தூங்கவில்லை. இல்லை என்று வந்தது. சில வருடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதுவரை அவளுக்குத் தடை ஒன்றும் இல்லை. விடுமுறைக்கு நான் ஆரணிக்குப் போனால், என் எதிரிலேயே உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துச் சாப்பிடுகிறாள்.