மலைநாட்டிற்குத் துவிச்சக்கர வண்டியிற் செல்லுதல்

துவிச்சக்கர வண்டி சமநிலத்துக்கே உரியது என்னும் எண்ணம் எம்மவரிடையே வேரூன்றியிருப்பது வியப்பன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேடு என்று சொல்லத்தக்க மேடு இல்லை. காற்று ஒன்றே அங்கு வண்டியோட்டுவார்க்குப் பகை. சோழகம் வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் மிதிப்பதே எமக்கு மலையேற்றம். 1990களில் எரிபொருள் அரிதாயிருந்த காலத்தில் விறகும் நெல்லும் நோயாளரும் இவ்வண்டியிலேயே சென்றமை பலர்க்கு நினைவிருக்கும். இத்துணை பழகியும், கண்டிக்கு அப்பால் சைக்கிளிற் செல்லப் போகிறேன் என்னும் மாணவனை வீட்டார் பித்தன் என்றே கருதுவர். அவர்தம் அச்சம் முற்றும் பிழையன்று. ஆயினும் அவ்வச்சத்துள் எவ்வளவு மெய், எவ்வளவு வீண் என்பதைக் கணக்கும் புவியியலும் கொண்டு அளந்து பார்த்தல் கூடும். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைநாட்டுப் படத்தை விரித்துவைத்து முதலில் வீதிகளை நோக்குவது எம்மிற் பெரும்பாலார் வழக்கம். ஆறுகளை முதலில் நோக்குதலே தக்கது. ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாக நிலத்தை அரித்துத் தனக்கு எளிதான சரிவைத் தேர்ந்துகொண்டது. அதன் கரையைப் பற்றிச் செல்லும் வீதி மெல்ல மெல்ல உயரும். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மற்றொன்றுக்கு நீர்பிரிமேட்டைக் கடந்து செல்லும் வீதியோ குறுகிய தூரத்தில் மிக உயர்ந்து, பின் இறங்கும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு: மலைச்சரிவிலே குறுக்காகச் சென்று ஒவ்வொரு சிற்றோடையிடத்தும் தாழ்ந்தெழும் வீதி. அதன் தொடக்கமும் முடிவும் ஒரே உயரத்திலிருப்பினும், வண்டியோட்டி ஒரு மலையையே ஏறி முடித்திருப்பான். படத்தில் நீலக்கோடுகளை வீதி எத்தனை முறை வெட்டுகிறதென எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

கொழும்பிலிருந்து கண்டி செல்லும் வழி இதற்கு நல்ல பாடம். மாவனல்லை வரை ஏற்றம் பெரிதன்று. அதன்பின் கடுகண்ணாவையில் மலை சுவர்போல் எதிர்நிற்கும். தேசாதிபதி எட்வேட் பாண்சின் காலத்தில் அமைந்த இவ்வீதியை வகுத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார்; அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் கணவாயின் உச்சியில் இன்றும் நிற்கிறது. கல்லுடைத்துப் பாறை துளைத்தவர்களோ இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு அழைக்கப்பட்ட மக்கள். அவர்களுக்கு அங்கே கோபுரமில்லை. ஏற்றத்தில் மூச்சிரைத்து நிற்பவனுக்கு இது தானாகவே நினைவில் வரும் செய்தி. புகைவண்டிப் பாதையும் இதே மலையை வேறுவகையாக ஏறுகிறது: 44 அடி செல்ல ஓரடி உயர்தல் அதன் எல்லை. இரும்புச் சில்லு இரும்பிலே வழுக்குமாதலின் அதற்குமேல் துணியமுடியாது. இறப்பர் ரயருக்கு அவ்விடர் இல்லை. இருபதுக்கு ஒன்று என்னும் சரிவும் எமது மலைவீதிகளிற் சாதாரணம்.

இனிக் கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வழியை எடுத்துக்கொள்வோம். தூரம் ஏறக்குறைய 77 கிலோமீற்றர். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர். நுவரெலியா 1868 மீற்றர். பேராதனையிலே மகாவலி கங்கை பூந்தோட்டத்தை வளைத்தோடுகிறது. ஹோட்டன் சமவெளிப் பக்கத்தே தோன்றி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையிற் கொட்டியாரக் குடாவிற் கலக்கும் ஆறு இதுவே, நாட்டிலே நீளமானது. 1833இல் ஒரே வளைவாக முதிரை மரத்தினாற் கட்டிய பாலம் இங்கே இருந்தது. 1905இல் அதற்குப் பதிலாக இரும்புப் பாலம் வந்தது. பேராதனையிலிருந்து கம்பளை வரை வீதி ஆற்றோடு உறவாடிச் செல்வதால் புதியவன் இங்கே ஏமாந்து விரைவான். விரையலாகாது. கம்பளைக்கு அப்பால் வீதி மகாவலியை நீங்கிப் புசல்லாவை நோக்கி ஏறத் தொடங்கும். வலப்புறத்தே ஆழத்திற் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். இறம்பொடையிலே 109 மீற்றர் உயர அருவியும் ஆஞ்சநேயர் ஆலயமும் உண்டு. இளைப்பாற இதனினும் ஏற்ற இடமில்லை. அதற்குமேல் லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களினூடே வளைவின்மேல் வளைவாக வீதி உயர்ந்து, கணவாயைக் கடந்து, சற்றே இறங்கி நகருட் புகும்.

இவ்வேற்றத்துக்கு எவ்வளவு வலு வேண்டும்? ஓட்டுபவர் 60 கிலோகிராம், வண்டியும் மூட்டையும் 20 கிலோகிராம் எனக் கொள்வோம். 80 கிலோகிராமை 1370 மீற்றர் உயர்த்துதற்கு வேண்டிய வேலை ஏறக்குறைய 10 இலட்சத்து 70 ஆயிரம் யூல், அதாவது 256 கிலோகலோரி. உடல் தான் செலவிடும் சக்தியில் நாலிலொரு பங்கையே மிதிக்குக் கொடுக்குமாதலின் செலவு ஆயிரம் கிலோகலோரியளவாகும். ஏறக்குறைய 300 கிராம் அரிசிச் சோறு! மலையேற்றத்தைக் கண்டு அஞ்சுவோர் இக்கணக்கைக் கண்டு நகைப்பர். பயிற்சியுடைய சாதாரண மனிதன் நெடுநேரம் 100 வாற்று வலுவோடு மிதிக்கக் கூடியவன். உயர்வதற்கு மட்டும் அவனுக்கு மூன்று மணித்தியாலம் செல்லும். சமதரையின் தூரத்தையும் ஓய்வையும் கூட்டினால் ஒரு பகல் தாராளமாகப் போதும்.

அங்ஙனமாயின் பலர் பாதிவழியில் முழங்கால் நோவோடு பேருந்தில் ஏறுவது ஏன்? குறை வலுவிலன்று, பற்களின் எண்ணிக்கையில். இருபதுக்கு ஒன்று சரிவில் 100 வாற்று வலு எம்மை மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்திலேயே கொண்டுசெல்லும். கியரில்லாத வண்டியின் முன்பற்சக்கரத்தில் 48 பல்லும் பின்னதில் 18 பல்லும் இருப்பின், மிதி ஒருமுறை சுற்ற வண்டி 5.9 மீற்றர் நகரும். ஆகவே அவ்வேகத்தில் நிமிடத்துக்கு 23 சுற்றே வரும். ஒவ்வொரு சுற்றிலும் உடற்பாரம் முழுவதையும் முழங்காலில் ஏற்றவேண்டும். முன்னே 28, பின்னே 32 எனப் பற்கள் மாறினால் அதே வலு, அதே வேகம், ஆனால் நிமிடத்துக்கு 70 சுற்று. கால் இலகுவாகச் சுழலும். இருதயமும் சுவாசமும் பணியை ஏற்றுக்கொள்ளும். பிரான்சிலே சென் எத்தியன் நகரத்துப் போல் டி விவி என்பார் இதை நீண்டகாலம் வற்புறுத்தினார். ஆயினும் பிரான்சு சுற்றோட்டப் போட்டியை நடத்தியவர்கள் 1910இல் ஓட்டிகளை 2115 மீற்றர் உயரமான தூர்மலே கணவாயில் ஏற்றினார்களேயன்றி, செயினை இடம்மாற்றும் கியருக்கு 1937 வரை இடங்கொடுக்கவில்லை. வீரம் என்று அதற்குப் பெயர். எமது மாணவர் அவ்வீரத்தைப் பின்பற்ற வேண்டுவதில்லை. கியரில்லாத வண்டியுடையார் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழிவுமில்லை.

ஏற்றத்தில் உடல் களைக்கும். உயிருக்கு இடர் இறக்கத்திலேதான். நுவரெலியாவிலிருந்து சீதாஎலிய, ஹக்கல, வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்ல சேர்தல் மிக இனிய செலவு. ஹக்கலயைக் கடந்ததும் நிலத்தின் நிறமே மாறும். சோழகக்காற்று தன் நீரை மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிட்டு ஊவாவுக்கு வரண்டு வருவதால் இங்கே காய்ந்த புல்வெளிகள் காணப்படும். எல்லயிலிருந்து வெல்லவாய வரை ஏறக்குறைய 27 கிலோமீற்றரில் நிலம் 800 மீற்றருக்குமேல் தாழ்கிறது. முன்சொன்ன பாரம் 800 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதிலொரு பகுதியைக் காற்று ஏற்கும். எஞ்சியது பிறேக்கட்டையிலும் றிம்மிலும் வெப்பமாகும். இடைவிடாது பிறேக்கைப் பிடித்தவண்ணம் இறங்குவோனின் றிம் சூடேறி ரியூப் வெடித்தல் கூடும். வளைவுக்கு முன்னே உறுதியாகப் பிடித்து வேகத்தைத் தணித்து, வளைவில் விட்டு, நேர்வீதியிற் காற்றுக்கு ஆறவிடுதல் வேண்டும். மழையில் நனைந்த றிம் முதற் சில சுற்றுக்களில் பிறேக்குக்குக் கட்டுப்படாது. கட்டைகளைப் புறப்படுமுன் மாற்றுக. தேய்ந்தபின் மாற்றுவோம் என்பது சமதரையின் நியாயம்.

வெல்லவாயவுக்கு மற்றொரு வழி ஹப்புத்தளை, பேரகல, கொஸ்லந்தை வழியாக உண்டு. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையும் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களிற் பல சரிவுகளை வீழ்த்தியது. நாம் ஒருநாள் வேடிக்கையாகக் கடந்துசெல்லும் சரிவிலே எம்மினத்தவர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். மழை எச்சரிக்கை வந்தால் நாம் பயணத்தைத் தள்ளிவைக்கலாம்; அவர்கள் குழந்தைகளோடு பாடசாலைக் கட்டடத்தில் இரவைக் கழிக்கவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாராமற் புறப்படுவோன் தன்னை மட்டுமன்றித் தன்னைத் தேடிவருவோரையும் இடரில் ஆழ்த்துவான்.

காலத்தைப் பற்றிச் சுருங்கக் கூறின், மேற்குச் சரிவுக்கு மே முதல் செத்தெம்பர் வரையும், ஊவாவுக்கு ஒக்டோபர் முதல் சனவரி வரையும் மழை மிகுதி. மாசி மாதத்திலே இரு பக்கமும் ஓரளவு வரண்டிருக்கும். பங்குனி சித்திரையிற் பிற்பகலில் இடிமழை கூடுமாதலின் விடியற்காலையிற் புறப்பட்டு நண்பகலுக்குள் கணவாயைக் கடத்தல் நன்று. ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய 6.5 பாகை வெப்பம் குறையும். ஏற்றத்தில் வியர்த்த சட்டையோடு இறங்குபவன் நடுங்குவான். உலர்ந்த சட்டையொன்று, பழைய செய்தித்தாள் ஒன்று மார்பிலே செருக, மூடுபனிக்கு முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம். பலராகச் செல்லின் ஒருவர்பின் ஒருவராகவே செல்க. மலைவளைவில் எதிரே வரும் பேருந்துக்கு வீதி முழுவதும் வேண்டும்.

எல்ல இடைவெளியால் இறங்கும் கிரிந்தி ஓயா வெல்லவாயவில் வேகந்தணிந்து, மணல் பரப்பித் திசமகாராமைப் பக்கமாகத் தெற்குக் கடலை நோக்கி ஓடுகிறது. அங்கே காற்று மீண்டும் வெம்மையாக இருக்கும், வீதி நேராகும், குடாநாட்டில் வண்டி பழகியவனுக்கு மிதி தானாகவே ஓடத் தொடங்கும்.