மாகாணிக்குள் ஒரு கணக்கு

தில்லிக் காய்கறிச் சந்தையில் 'ஆதா கிலோ', 'பாவ் கிலோ' என்னும் குரல்களைக் கேட்கிறோம். தமிழில் அவை அரைக் கிலோ, கால் கிலோ ஆகும். இவற்றினும் சிறிய பின்னங்களுக்கும் தமிழில் தனிப்பெயர்கள் உண்டு. முன்னோர் முழு எண்களை மேல்வாயிலக்கம் என்றும், பின்னங்களைக் கீழ்வாயிலக்கம் என்றும் வழங்கினர். திண்ணைப் பள்ளி மாணவர் எண்சுவடியைக் கொண்டு இவற்றை மனப்பாடம் செய்தனர்.

அரைக்கால் – 1/8
மாகாணி – 1/16
மா – 1/20
காணி – 1/80
முந்திரி – 1/320

அரைக்கால் என்பது காலில் அரை. அரையும் காலும் சேர்ந்தது அன்று. மாகாணி என்பதோ மாவும் காணியும் சேர்ந்தது. அதாவது, 1/20 + 1/80.

தொகுதிகளைத் தனியே, பகுதிகளைத் தனியே கூட்டினால் 2/100, அதாவது 1/50 வரும். இது மாவைவிடச் சிறியது. ஒன்றோடு மற்றொன்றைச் சேர்த்தபின் அளவு குறையுமா? குறையாது. எனவே அம்முறை பிழை.

பகுதிகள் வேறுபட்டால் முதலில் அவற்றை ஒன்றாக்க வேண்டும். ஒரு மா நான்கு காணிக்குச் சமம். ஆகவே 1/20 = 4/80.

4/80 + 1/80 = 5/80 = 1/16

மாகாணியின் அளவு கிடைத்துவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நில அளவுகள் வேலி, மா, காணி, முந்திரிகை எனக் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு வேலி 20 மா ஆகும். மாகாணி நிலம் உடைய உழவருக்கு 1/50 வேலி என்று எழுதினால், அவர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேல் கணக்கில் மறைந்துவிடும். கூட்டலில் நேரும் பிழை ஒரு குடும்பத்தின் உணவைக் குறைக்கும்.

1957ஆம் ஆண்டு வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. மாகாணி ரூபாய் என்பது ஓர் அணா. புதிய நாணயங்கள் வந்தபின் இச்சொற்களின் வழக்குக் குறைந்தது. பேசுவோர் இருக்கும்வரையே ஒரு சொல் வாழும்.

பயிற்சி

1. கூட்டுக: அரைக்கால் + மாகாணி.
2. கால், மா இரண்டையும் முந்திரியாக மாற்றிக் கூட்டுக.
3. 'அரைக்கால்', 'மாகாணி' ஆகிய சொற்கள் பொருள் தரும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன? இரண்டு தொடர்களில் எழுதுக.
4. வீட்டுப் பெரியோர் அறிந்த பழைய அளவைப் பெயர்களைக் கேட்டு எழுதுக.