நேரியலற்ற இயந்திரவியலில் புகும் இளம் பொறியாளருக்கு

நேரியலற்ற கட்டமைப்பில் சுமை இரட்டித்தால் இடப்பெயர்ச்சி இரட்டிப்பதில்லை. ஒரே சுமைக்குப் பல சமநிலைகளும் இருக்கலாம். உள்விசைக்கும் சுமைக்கும் இடையே எஞ்சும் விசை எங்கே சுழியாகிறது என்பதைத்தான் கணினி தேடுகிறது. நியூட்டன்-ராப்சன் முறையில் தேடும்போது, அந்த எஞ்சுவிசையின் வகைக்கெழுக்களாலான தொடுவிறைப்பு அணி சுற்றுக்குச் சுற்று தேவைப்படும். ஆகவே இத்துறைக்கு வருபவர் இரண்டை ஐயமறக் கற்க வேண்டும்: வகைக்கெழுவைப் பிழையின்றிப் பெறுதல், சமநிலைப் பாதையை வழுவாமல் பின்தொடர்தல்.

வகைக்கெழுவைக் கையால் வருவித்தால் நாள்கள் போகும், குறிப்பிழைகள் நுழையும். மாறியைச் சிறிது நகர்த்தி வேறுபாட்டை வகுத்தால், நகர்த்தல் பெரிதானபோது தோராயப் பிழையும் சிறிதானபோது முழுதாக்கல் பிழையும் வந்து சேரும். 16 இலக்கத் துல்லியத்தில் கணக்கிடும் கணினியிலும் இம்முறையில் ஏறத்தாழ 8 இலக்கங்களே தேறும். தானியங்கு வகையிடலில் இந்த இழப்பு இல்லை. எந்த நிரலும் கூட்டல், பெருக்கல், சைன், வர்க்கமூலம் போன்ற சிறு செயல்களின் தொடர்தான். ஒவ்வொரு செயலிலும் மதிப்போடு வகைக்கெழுவையும் சங்கிலி விதிப்படி சேர்த்தே கணித்துச் செல்கிறது இந்த முறை. 1964இல் வெங்கர்ட் முன்னோக்கிய வடிவத்தை வெளியிட்டார். 1970இல் ஹெல்சின்கியில் லின்னைன்மா தம் முதுகலை ஆய்வேட்டில் பின்னோக்கிய வடிவத்தை விளக்கினார். உள்ளீடு சிலவானால் முன்னோக்கியது ஏற்றது. திரிபு ஆற்றல் போல வெளியீடு ஒன்றாகவும் மாறிகள் ஆயிரக்கணக்காகவும் இருந்தால் பின்னோக்கியதே சிக்கனம்: மாறிகள் எத்தனையானாலும், ஆற்றலை ஒருமுறை கணிக்கும் செலவின் சில மடங்கில் எல்லா வகைக்கெழுக்களும் கிடைக்கும். இடைமதிப்புகளைச் சேமிக்க நினைவகம் மட்டும் கூடுதலாக வேண்டும்.

இந்த முறை வகையிடுவது நிரலை, இயற்பியலை அன்று. நெகிழித்தன்மைக் கணக்கில் தகைவைத் தேடும் உள்சுற்று ஒன்று இருக்கும். அதன் தொடக்க ஊகமே சரியாக அமைந்து, சுற்று ஒருமுறைகூட ஓடாவிட்டால் வகைக்கெழு தவறாகிவிடும். உள்சுற்றுக்குள் புகாமல், அது குவிந்த பின் உட்படு சார்புத் தேற்றத்தைக் கொண்டு வகைக்கெழுவைப் பெறுவதே முறை. தகைவைக் கணிக்கும் வழிமுறையோடு தொடுவிறைப்பு பொருந்தாவிட்டால் நியூட்டன் முறையின் வேகம் போய்விடும் என்பதை 1985இல் சிமோவும் டெய்லரும் காட்டினர். சோதிப்பது எளிது: தீர்வை நெருங்கியதும் எஞ்சுவிசை 10⁻², 10⁻⁴, 10⁻⁸ என்று விழ வேண்டும். சுற்றுக்கு ஓர் இலக்கமாக மெல்லக் குறைந்தால் அணியில் கோளாறு உண்டு.

பாதையைப் பின்தொடரப் பழகுவதற்கு வான் மீசஸின் இருதண்டுச் சட்டகம் போதும். தாழ்வான கூரைபோல் சாய்ந்த இரு தண்டுகளின் உச்சியை அழுத்தினால், தண்டுகள் தாமே வளையாதவரை, உச்சி தொடக்க உயரத்தின் 0.423 மடங்கு இறங்கியதும் சுமை உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் சுமை துளி கூடினாலும், காற்றில் குடை புரள்வதுபோல், சட்டகம் 2.155 மடங்கு இறக்கத்துக்குத் தாவும். சுமையைப் படிப்படியாகக் கூட்டும் நிரல் இங்கே நின்றுவிடும், அல்லது இடைப்பட்ட பாதையைக் காணாமலே தாண்டிவிடும்.

சுமையையும் அறியாக் கணியமாக்கி, பாதையில் நடந்த வில் நீளத்தைக் கட்டுப்படுத்தும் சமன்பாடு ஒன்றைச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு. 1979இல் ரிக்ஸும் 1981இல் கிரிஸ்ஃபீல்டும் இதைக் கட்டமைப்புக் கணக்குகளில் நிலைநிறுத்தினர். சுமை உச்சத்தைத் தொடும் எல்லைப்புள்ளியில் தொடுவிறைப்பு அணியின் அணிக்கோவை சுழியானாலும், விரிந்த அணியுடையது சுழியாவதில்லை. அடுத்த அடி எந்தத் திசையில் என்பதை முந்தைய அடியோடு உள்ள உட்பெருக்கம் காட்டும். தொடுவிறைப்பின் அணிக்கோவைக் குறியை நம்பினால் பாதை பிரியும் கிளைப்புள்ளியில் வந்த வழியே திரும்ப நேரும். எளிய கிளைப்புள்ளியைக் கடக்கும்போது விரிந்த அணியின் அணிக்கோவையும் குறி மாறும். அங்கே கிளைமாற்றக் கணக்கு தனியே வேண்டும். குவியச் சுற்றுகள் அதிகமானால் அடியைக் குறுக்கலாம், குறைந்தால் நீட்டலாம்.

இரு கருவிகளும் ஒன்றுசேர்வது கொஷ்லாங், தமில், பொத்தியே-ஃபெரி ஆகியோர் வளர்த்த அணுகுநிலை எண்முறையில். பாதையையே டெய்லர் தொடராக எழுதினால் எல்லாப் படிகளின் கெழுக்களுக்கும் ஒரே தொடுவிறைப்பு அணி போதும். உயர்படி வகைக்கெழுக்களைத் தானியங்கு வகையிடல் தரும். தொடர் செல்லுபடியாகும் எல்லையே அடியின் நீளம் என்பதால், அதை ஊகிக்கும் வேலை மிச்சம்.

பாதை கிடைத்ததாலேயே வேலை முடிவதில்லை. அதிலுள்ள புள்ளிகள் எல்லாம் சமநிலைகள்தாம். எல்லாம் நிலையானவை அல்ல. சட்டகத்தில் 0.423 முதல் 1.577 மடங்கு வரையிலான இறக்கங்கள் மாறாத சுமையின் கீழ் நிற்கமாட்டா. தொடுவிறைப்பின் மிகச்சிறிய ஐகன் மதிப்பு எதிர்மமானால் அது தெரியும். மெல்லிய ஓடுகளில் சிறு வடிவக் குறையும் தாங்குசுமையைப் பெரிதும் குறைக்கும் என்பதை 1945இல் கோய்ட்டரின் ஆய்வேடு விளக்கியது. எனவே இளம் பொறியாளர் தரும் அறிக்கையில் தாங்குசுமையோடு, நிலையான பகுதியும், குறைகளால் அச்சுமை எவ்வளவு மாறும் என்ற வகைக்கெழுவும் இடம்பெற வேண்டும்.